ஆபீசரைக் குளிப்பாட்ட அனுமதி

அவளை எல்லோரும் சூறாவளி என்றுதான் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லத்தின் மாடியில், ஞாபகம் தப்பிப்போனவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், காலை வேலை முழுவதும் அவளுடையது. ஒவ்வொரு அறையாகப் புகுந்து ஆளை எழுப்பி, குளிப்பாட்டி, துவட்டி, உடுத்தி, தலைவாரி, நாற்காலியில் உட்கார்த்திவிட்டு அடுத்த அறைக்குப் பறந்துவிடுவாள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது மாடியிலிருக்கும் அத்தனை பேரும் ஈரத் தலையோடு, இப்போது என்ன நடந்தது என்று புரியாத முகத்தோடு, மேஜை முன்னால் வரிசையாக இருப்பார்கள். இல்லத்தைப் பார்க்க வருகிறவர்களை மேனேஜர் சரியாக அந்த நேரத்துக்கு மாடிக்கு அழைத்து வருவார். "பாத்தீங்களா, பூ மாதிரி வெச்சிருக்கோம்" என்பார்.

அந்த வேலைக்கு உண்மையில் இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் ஓடிப்போய் வெகு காலம் ஆகியிருந்தது. ஒருத்தியே சமாளிக்கிறாளே, இன்னொருத்தர் எதற்கு என்று மேனேஜர் விட்டுவிட்டார். அவளும் அதைக் குறையாக நினைக்கவில்லை. தன் வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காததுதான் அந்த வேகத்தின் ரகசியம். கேட்டால் அவர்கள் யோசிப்பார்கள். யோசிப்பதற்குள் கேள்வியை மறந்துவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பதில் கையைப் பிடி, தூக்கு, நட, ஊற்று. முடிந்தது.

மூலை அறையில் ஆபீசர் இருந்தார். வீடு கட்ட அனுமதி தரும் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கை நீட்டிக் காசு வாங்கியவர் இல்லை. அதேபோல, கை நீட்டி அனுமதி கொடுத்தவரும் இல்லை. அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தே தலை நரைத்தவர்கள் பல பேர். இப்போது அவருக்கு மனைவியின் முகம், சாப்பிட்டோமா இல்லையா, இது எந்தக் கட்டடம் எல்லாமே மறந்துபோயிருந்தது. உத்தியோகம் மட்டும் மறக்கவில்லை. சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, ஜன்னலோர மேஜைக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். வாரக் கடைசியில் அப்பாவைப் பார்க்க வருவாள். அப்படி வந்த ஒரு நாள், அவருக்குச் சட்டை மாற்றும்போது மேற்கையில் கன்றிப்போன தடத்தைப் பார்த்தாள். முன்பக்கம் ஒரு கட்டைவிரல், பின்பக்கம் நாலு விரல்.

அவள் சத்தம் போடவில்லை. மேனேஜரை அந்த அறைக்கே கூப்பிட்டனுப்பினாள்.

"இது யாரோட கை?" என்று கேட்டாள்.

"தானா எங்கேயாவது இடிச்சிக்கிட்டிருப்பாருங்க. சுவத்துல கிவத்துல..."

"உங்க சுவத்துக்கு விரல் இருக்கா?"

மேனேஜருக்கு முழி பிதுங்கியது. தன் நியாய உணர்வைக் காட்டியே தீர வேண்டும் என்ற வேகத்தில், எல்லோரையும் மாடிக்கு வரச்சொன்னார். சமையல்காரர், துணி துவைக்கிறவர், வாசல் காவலாளி, கணக்குப் பார்க்கும் அம்மா, சூறாவளி என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக ஆபீசரின் கைக்கு மேலே, தொடாமல், தங்கள் விரலை வைத்துக் காட்ட வேண்டும். யார் கை பொருந்துகிறதோ அவர்தான் ஆள்.

ஆபீசருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வரிசையைப் பார்த்ததில் சந்தோஷம். கையை நீட்டி வைத்துக்கொண்டு, "அடுத்த ஆளு!" என்று கூப்பிட்டார். "கட்டைவிரலை அழுத்தாதீங்க, ரேகை கலைஞ்சிடும்."

சமையல்காரர் கை பொருந்தியது. காவலாளி கை பொருந்தியது. கணக்கம்மாவின் சின்னக் கைகூட விரலை விரித்தபோது பொருந்தியது. இதெல்லாம் சரிப்படாது என்று காட்டுவதற்காக மேனேஜரே தன் கையை வைத்தார். அது மற்ற எல்லோரையும்விடக் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் சட்டென்று கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சூறாவளியும் வைத்தாள். பொருந்தியது. எல்லோரையும் போல அவளும் நகர்ந்துவிட்டாள். ஆனால் அவளுக்குத் தெரியும். அந்த வாரத்தில் ஒரு காலை, ஆபீசர் குளியலறை வாசலில் கதவு நிலையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இன்னும் எத்தனையோ அறை பாக்கி. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சிக்கிக்கொண்ட மேஜை டிராயரை இழுப்பதுபோல இழுத்தாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதை மறந்தும் போனாள்.

மகள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "எல்லார் கையும் பொருந்துது. அப்ப எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே எங்கப்பாவைத் தொடறதுக்கு முன்னாடி, தொடட்டுமான்னு கேக்கணும். அவர் வாயால சரின்னு சொன்னாத்தான் தொடணும். இல்லேன்னா நான் போக வேண்டிய இடத்துக்குப் போவேன்."

"உங்கப்பாவுக்கு மட்டும் என்னங்க, மாடி முழுக்க இதையே சட்டமாக்கிடறேன்!" என்றார் மேனேஜர். ஆள் யார் என்று தேட வேண்டாம் என்றானதில் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது.

மறுநாள் காலை சூறாவளி மூலை அறைக் கதவைத் தட்டினாள். அந்தக் கதவை அவள் தட்டுவது அதுதான் முதல் தடவை.

"சார், குளிக்கலாமா?"

ஆபீசர் அவளை மேலும் கீழும் பார்த்தார். எந்தக் காலத்திலோ விட்டுப்போன ஒரு சுகம் அவர் முகத்தில் பரவியது.

"நாளைக்கு வாங்க" என்றார்.

அடுத்த நாள் போனாள். "நேத்து வரச்சொன்னீங்களே சார்."

"நான் சொல்லியிருக்க மாட்டேன். நாளைக்கு வாங்க."

அதற்கடுத்த நாள் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். சோப்பு அட்டைப்பெட்டியைக் கிழித்து, தாங்கள் குளிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பணிவுடன்னு ஒரு வார்த்தை போட மாட்டீங்களா?"

போட்டுக்கொண்டு வந்தாள். தேதி இல்லை என்றார். தேதி போட்டாள். ஆபீசர் அதை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார். "பரிசீலனையில இருக்கு. கடிதம் வரும், வீட்டுக்குப் போங்க."

அந்த அறைக்குள் டீ கொண்டுபோவதை சமையல்காரர் நிறுத்திவிட்டார். கதவருகே வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே வந்து கேட்டார்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் சார்."

"என்ன சொல்றாரு?"

"பரிசீலனையில இருக்காம்."

மாடியில் வேலை எல்லாம் தலைகீழானது. கேட்டால் பதில் வர நேரமாகிறது. பதில் வந்தால் அது பெரும்பாலும் வேறு ஏதோ கேள்விக்கான பதில். காலைச் சாப்பாடு ஆறிப்போய், மத்தியானச் சாப்பாட்டோடு போய் முட்டியது. கேட்கும் பழக்கம் சூறாவளியின் வீடு வரைக்கும் தொற்றிக்கொண்டது. சாப்பிட்டு முடித்த புருஷனிடம், "தட்டை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலுக்காக நின்றாள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் மனிதர், அன்று வரை எரிந்துவிழும் பெண்சாதியை மட்டுமே அறிந்தவர், பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே" என்றார்.

ஒரு காலை அவளுக்குப் பொறுமை அறுந்தது. ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கதவு சாத்தியிருந்தது. யாரும் இல்லை. பிடித்து இழுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கையை நீட்டிவிட்டாள். சட்டைக் கை மேலேறி, தடம் தெரிந்தது. ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக மாறியிருந்தது. தன் விரல்கள் அதே வடிவத்தில் காற்றில் விரிந்து நிற்பதை அவள் பார்த்தாள். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மெதுவாக மடக்கி, இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு, மேஜைக்கு முன்னாலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

நாற்காலியில் ஆள் உட்காரும் சத்தம் கேட்டு ஆபீசர் திரும்பினார். தன் இடத்தில் போய் அமர்ந்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?"

"குளிக்கிறதுக்கு அனுமதி வேணும் சார்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

ஆபீசர் கவலையோடு நாற்காலியில் சாய்ந்தார். "அதுலதான் சிக்கல். அனுமதி கொடுக்கிற ஆளே நான். எனக்கு நானே எப்படிக் கொடுத்துக்கிறது? நாலு பேரு என்ன பேசுவாங்க? மேலிடத்துல கேக்கணும்."

சூறாவளிக்கு வெளிச்சம் தெரிந்ததுபோல இருந்தது. இத்தனை நாள் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, நேர்மையாக இருந்திருக்கிறார். ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டி வந்து, மேலிடம் என்று நிறுத்தினாள். மேனேஜர் கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"நீங்க என்ன பதவி?" என்று கேட்டார் ஆபீசர்.

"மேனேஜர்."

"எந்தக் கடையில?"

மேனேஜர் வந்த வழியே போய்விட்டார்.

எதிர் அறையில் ஒரு அம்மாள் இருந்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் தூர தேசத்தில். அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. சாப்பிடுகிறீர்களா என்றாலும் "ஆகட்டும்"தான், மழை வருகிறது என்றாலும் "ஆகட்டும்"தான். அதனால் அவருக்கு ஆகட்டும் அம்மா என்றே பெயர். சக்கர நாற்காலியிலும் முதுகு வளையாமல், தாடையைத் தூக்கி, ஒரு மாநாட்டுக்குத் தலைமை தாங்குவதுபோல உட்கார்ந்திருப்பார். அன்று அவரைத் தள்ளிக்கொண்டு சூறாவளி மூலை அறையைக் கடந்தபோது, உள்ளே ஆபீசர் விறைப்பாக எழுந்து நின்றார்.

"மேடம்! வரீங்கன்னு ஒரு தகவல்கூட இல்லையே!"

சூறாவளி நாற்காலியை அப்படியே அறைக்குள் திருப்பினாள். "மேடம், சாரோட குளியல் மனு ரொம்ப நாளா கிடப்புல கிடக்குது. அனுமதிக்கலாமா?"

"ஆகட்டும்" என்றார் அம்மாள்.

ஆபீசர் டிராயரைத் திறந்து சோப்பு அட்டையை எடுத்தார். பேனாவே இல்லாமல் விரலால் நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டார். துண்டைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறைக்குள் தானே நடந்து போனார். யாரும் அவர் மேல் விரலை வைக்கவில்லை. சூறாவளி குவளையைக் கொடுத்தபோது, தண்ணீரைத் தானே மொண்டு ஊற்றிக்கொண்டார். அவரால் அது முடியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குவளையை இதுவரை அவர் கையில் கொடுத்ததே இல்லை.

வெற்றிக் களிப்பில் அவள் ஆகட்டும் அம்மாவை அவர் அறைக்குத் தள்ளிப் போனாள். "நீங்கதான் என் தெய்வம்! உங்களையும் இப்பவே குளிப்பாட்டிடட்டுமா?"

"ஆகட்டும்."

"தலைக்கு ஊத்தட்டுமா?"

"ஆகட்டும்."

சூறாவளிக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. "ஜன்னல் வழியா கீழ தூக்கிப் போட்டுடட்டுமா?"

"ஆகட்டும்."

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. இந்த மாடியிலேயே தொல்லை தராத ஆள் என்று அவள் எல்லோரிடமும் சொல்லும் அம்மாள் இவர்தான். அவசரமென்றால் முதலில் இவரைத்தான் இழுத்துப் போவாள். தண்ணீர் சூடா, ஜில்லென்றிருக்கிறதா என்று பார்த்ததில்லை. எதற்கு அவர் சரி என்று சொன்னார், எதற்குச் சொல்லவில்லை என்று இனி யாருக்குத் தெரியும்?

முட்டி போட்டு உட்கார்ந்தாள். "தலைக்கு ஊத்தட்டுமாம்மா?" என்று மறுபடி கேட்டு, இந்தத் தடவை பதிலைக் காதில் வாங்காமல் ஆளைப் பார்த்தாள். வாய் ஆகட்டும் என்றது. காலின் விரல்கள் பத்தும் நத்தை மாதிரி உள்ளே சுருண்டுகொண்டன. "வேண்டாம், உடம்புக்கு மட்டும்?" என்றாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

இப்படியே நாட்கள் போயின. மேலிடத்துக்குத் தினமும் மூலை அறையில் வேலை இருந்தது. போகும் முன் சூறாவளி அம்மாளின் கால் விரல்களைப் பார்ப்பாள். விரல் விரிந்திருந்தால் கூட்டிப்போவாள், சுருண்டிருந்தால் ஆபீசரின் குளியல் அன்றைக்கு ஒத்திவைக்கப்படும். காலைச் சாப்பாடு தாமதமாவது மட்டும் நிற்கவே இல்லை. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரும் தகவல் வந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"இத பாரும்மா, அன்னிக்கு மட்டும் இந்தக் கேள்வி கேக்கிறதெல்லாம் வேணாம். பழையபடி அடிச்சி முடிச்சிடு. பேரு வாங்கணும்."

சோதனை நாள் காலையிலும் அவள் கதவைத் தட்டித் தட்டித்தான் போனாள். சோதனை அதிகாரியும் மேனேஜரும் படியேறி வந்தபோது பாதிப் பேர் இன்னும் படுக்கையில் இருந்தார்கள். ஆபீசரோ தன் நாற்காலியை நடைவழிக்கு இழுத்து வந்து, நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போறீங்க?" என்று அதிகாரியைத் தடுத்தார்.

"நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மனு கொடுத்திருக்கீங்களா?"

"மனுவா? இல்லையே."

"அப்ப அங்க உக்காருங்க. கூப்பிடறேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அதிகாரி போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மடியில் பையை வைத்துக்கொண்டு, கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரும் இந்தக் குரலுக்கு மரியாதை கொடுத்துப் பழகியவர்தான். மேனேஜருக்கு மானம் போயிற்று. "அவரு ஒரு மாதிரி சார், நீங்க வாங்க" என்று இளித்துக்கொண்டே ஆபீசரின் மேற்கையைப் பிடித்து எழுப்ப இழுத்தார்.

ஆபீசர் கத்தவில்லை. தோள் இரண்டும் காது வரை ஏறிக்கொண்டன. இன்னொரு கை நாற்காலிச் சட்டத்தை இறுகப் பிடித்தது.

"சார், கையை எடுங்க" என்றாள் சூறாவளி.

மேனேஜர் திரும்பினார்.

"கேட்டுட்டுத் தொடுங்க சார்."

"ஏம்மா, நீயா எனக்குச் சொல்றே?"

"நான்தான் சொல்றேன். அன்னிக்கு அவரு கையில இருந்த தடம் என்னோடது. எல்லாரும் வரிசையில நின்னப்ப நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னேன். இப்ப நீங்க எப்படிப் பிடிச்சிருக்கீங்களோ, அதே பிடிதான்."

மேனேஜர் கை தானாகக் கழன்றது. பெஞ்சிலிருந்த அதிகாரி எழுந்தார். ஆபீசர்தான் முதலில் பேசினார்.

"புகாரா? யார் மேல?"

"என் மேலதான் சார்."

"கொடுக்கிறது யாரு?"

"அதுவும் நான்தான்."

ஆபீசர் நெற்றியைச் சொறிந்தார். ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். "உக்காருங்க" என்றார். "இதை இன்னிக்கே எடுத்துக்கலாம்."

எடுத்துக்கொண்டது என்னவோ சோதனை அதிகாரிதான். சூறாவளி கொஞ்ச காலம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும், அதன் பிறகு பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆனது. மாடிக்கு இன்னொரு ஆளைப் போடாமல் ஒருத்தியை விட்டு ஓட்டியதற்கு மேனேஜருக்கு அதைவிடக் காட்டமான கண்டனம் எழுத்தில் வந்தது.

ஆபீசரின் மகளுக்கு விஷயம் வேறு யார் மூலமாகவும் போகக் கூடாது என்று சூறாவளி அன்றே கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடையில் இருந்தவர்கள் போகும் வரை நின்று, சொல்லி முடித்தாள். மகள் கையிலிருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"கத்தினாரா?"

"இல்லைங்க. கதவு நிலையைத்தான் பிடிச்சிக்கிட்டிருந்தாரு."

"வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்."

"இனிமே எங்கப்பா ரூமுக்கு நீங்க போகக் கூடாது."

"போக மாட்டேங்க."

வாசல் வரை வந்தவளை மகள் கூப்பிட்டாள். குரலில் கோபம் இறங்கவே இல்லை. "அப்ப அவரை யாரு குளிக்க வைப்பாங்க?"

"யாரு வேணாலும் வைக்கலாம். எதிர் ரூம் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் அவங்க வாயால சொல்ல வைக்கணும். ஆனா, அவங்களுக்கு வர இஷ்டம் இருக்கான்னு முதல்ல காலைப் பாத்துக்கணும்."

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

சூறாவளி வேலைக்குத் திரும்பியபோது மாடியில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், மலை மாதிரி உடம்பு, கதவைத் தட்டும்போது மட்டும் பூனை மாதிரி தட்டுவார். ஆபீசர் பக்கத்து அறைகள் அவருக்கு, ஆகட்டும் அம்மா பக்கத்து அறைகள் இவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மகள் வாரக் கடைசியில் வரும்போது இவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சூறாவளியும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு காலை அவள் வெந்நீர் வாளியோடு ஆகட்டும் அம்மாவின் கதவைத் தட்டினாள். "குளிக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல முட்டி போட்டுக் காலைப் பார்த்தாள். விரல்கள் சுருண்டிருந்தன. "ஆகட்டும்" என்ற பதில் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நிமிர்ந்தால், அம்மாள் உதட்டைக் குவித்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார்.

சூறாவளி நடைவழிக்கு ஓடினாள். "வேணாம்னு சொல்லிட்டாங்க! ஐயோ, வேணாம்னு சொல்லிட்டாங்க!"

யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று லாரிக்காரர் சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். மேனேஜர்கூடப் படியேறி வந்தார். எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, இவங்க கேக்கட்டும்" என்று கெஞ்சினாள் சூறாவளி.

"ஆகட்டும்" என்றார் அம்மாள்.

சமையல்காரர் சிரித்துவிட்டார். சூறாவளி விடவில்லை. "குளிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்."

லாரிக்காரர் வாயைப் பிளந்தார். மேனேஜர் இதற்குச் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சூறாவளி கேட்டுவிட்டு, ஈரத் துணியால் அம்மாளின் முகத்தை மட்டும் ஒற்றி எடுத்தாள். கேட்டுவிட்டுத் தலையை வாரினாள்.

"வெந்நீர் வீணாப் போகுதே" என்றார் லாரிக்காரர்.

"அடுத்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றாள் அவள், சீப்பிலிருந்து கண்ணெடுக்காமல். "அங்கயும் கேட்டுட்டு ஊத்துங்க."